வலிக்கு எவ்வளவு போடலாம்?

1994 நவம்பர் 14 முதல் 2018 மே மாதம் வரை இந்தியாவில் வலிக்கு அச்சடித்த விலை இருந்தது. கொடுங்காயத்துக்கு 5,000 ரூபாய், சாதாரணக் காயத்துக்கு 1,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தில் 163-ஏ என்ற பிரிவைச் சேர்த்தபோது கூடவே வந்த இரண்டாம் அட்டவணையில், ஈமச் சடங்குக்கு 2,000, வைத்தியச் செலவுக்கு அதிகபட்சம் 15,000 என்று போகும் வரிசையில், ‘வலியும் வேதனையும்’ என்று ஓர் இனம் இருந்தது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே நஷ்டஈடு கேட்பவர்களுக்கான பட்டியல் அது. ஆனால் தவறை நிரூபித்துக் கேட்கிற வழக்குகளிலும் இந்த எண்கள்தான் பல தீர்ப்புகளுக்கு அளவுகோல் ஆயின.

விழுப்புரத்தில் நான் வகாலத்து போடத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. ஆக்சிடென்ட் கேஸுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எங்கள் சீனியர் ஆபீசில் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்டஈட்டு மனுக்களின் கட்டுகள் மட்டும் தனி அலமாரியில் இருக்கும்.

கொடுங்காயம் எது என்பதற்கு 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. 320-ஆவது பிரிவில் எட்டு வகை. கண் போவது, காது போவது, எலும்பு முறிவது, பல் பெயர்வது என்று வந்து, எட்டாவதாக, இருபது நாள் கடுமையான உடல் வலியில் கிடப்பதும் கொடுங்காயம் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பதினைந்து நாளாகக் குறைந்துவிட்டது. நடைமுறையில் யாரும் நாட்களை எண்ணியதில்லை. எக்ஸ்ரேயில் கீறல் விழுந்திருந்தால் 5,000, விழவில்லையென்றால் 1,000. முதுகுச் சதை கிழிந்து ஒரு மாதம் குப்புறப் படுத்திருந்தவருக்கு, சுண்டு விரல் எலும்பு முறிந்தவரைவிடக் குறைவாகக் கிடைத்ததும் உண்டு.

வலியை நேராக அளந்தவர் எந்த நாட்டிலும் இல்லை. வேறு எதையோ அளந்து, அதை வலி என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எதை அளந்தார்கள் என்று பார்த்தால், அந்தந்தக் காலம் யாருடைய உடம்பை மதித்தது என்பது தெரியும்.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம், வலி கொடுக்க அடித்தவனுக்கு அந்த வலியின் அளவுக்குத் தக்க அபராதம் விதிக்கச் சொல்கிறது. ஆனால் அந்த அபராதம் போவது அரசனுக்கு. அங்கம் ஊனப்பட்டவனுக்குக் குணமாகும் செலவைக் கொடுத்தால் போதும். அதே அத்தியாயத்தில் அடித்தவன் எந்த வருணம், பட்டவன் எந்த வருணம் என்று பார்த்துத் தண்டனை ஏறும், இறங்கும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது: தண்டம் அரசுக்கு, வைத்தியச் செலவு பட்டவனுக்கு. அது ஒன்றும் மறைந்துபோன வழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் பைக் மோதி ஒருவர் விழுந்தால், கூட்டம் கூடுவதற்குள் மோதியவர் சொல்கிற முதல் வார்த்தை, “ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிறேங்க.” ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிற தொகையும் பில் தொகையைத் தாண்டுவதில்லை. பில் இல்லாத வலியை அங்கே யாரும் கேட்பதும் இல்லை.

வலிக்கான பணம் பட்டவன் கைக்கே போகும் பழைய பட்டியல் ஒன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தெல்பெர்ட் என்ற அரசன் காலத்தில் எழுதிய சட்டம். கட்டை விரல் போனால் 20 ஷில்லிங். நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டு விரலுக்கு 11. கண்ணுக்கு 50. முன்பல் ஒவ்வொன்றுக்கும் 6 ஷில்லிங். உள்ளே போகப் போகப் பல்லின் விலை குறைந்து கடைசியில் 1 ஷில்லிங்கில் நிற்கும். கன்றிப்போன காயம் துணிக்கு வெளியே தெரிந்தால் ஒரு தொகை, துணிக்குள் மறைந்திருந்தால் அதைவிடக் குறைவு. துணிக்குள் இருக்கும் காயம் குறைவாக வலிக்குமா? இல்லை. அந்தச் சட்டம் அளந்தது வலியை அல்ல, ஊரார் கண்ணில் பட்ட அவமானத்தை. கடைவாய்ப் பல் இல்லாமல் சோறு மெல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் தெரிவது முன்பல்தானே.

பிறகு ரயில் வந்தது. அதுவரை மாடு முட்டியோ வண்டி கவிழ்ந்தோ பட்ட காயம் ஊருக்குள்ளேயே தீர்ந்துவிடும். ரயில் கவிழ்ந்தால் எதிராளி பெரிய கம்பெனி. ஆளைக் கொன்ற பொருளுக்கே அபராதம் விதித்து அரசுக்குச் சேர்க்கும் ஒரு பழைய வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. 1841-இல் சானிங் என்ற இடத்தில் மண் சரிந்து ரயில் மோதியபோது ஜூரிகள் ரயில் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 1,000 பவுண்டு விதித்தார்கள். 1846-இல் அந்த வழக்கத்தை ஒழித்துவிட்டு, செத்தவரின் குடும்பமே நஷ்டஈடு கேட்கலாம் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். விதவையின் துக்கத்துக்கும் சேர்த்துத் தொகை போடலாமா என்ற கேள்வி 1852-இல் எழுந்தது. கூடாது, செத்தவர் சம்பாத்தியத்தால் கிடைத்திருக்கக்கூடியது மட்டும்தான் என்றது கோர்ட். அந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் நம்முடைய 1855-ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துகள் சட்டம். இப்படி, செத்தவர் வீட்டாரின் துக்கம் கணக்கில் வராமல் போக, உயிரோடு இருப்பவரின் உடம்பு வலி மட்டும் கணக்கில் நின்றது.

1879-இல் லண்டனில் நடந்த பிலிப்ஸ் வழக்கை எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வார். ரயில் விபத்தில் படுத்த படுக்கையான டாக்டர் பிலிப்ஸ் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தவர். முதல் ஜூரி 7,000 பவுண்டு கொடுத்தது. போதாது என்று மறுவிசாரணைக்கு உத்தரவாகி, இரண்டாம் ஜூரி 16,000 கொடுத்தது. பட்ட காயம், அனுபவித்த வலி, உடல்நலத்துக்கு நேர்ந்த கேடு, வைத்தியச் செலவு, வருமான இழப்பு என்று ஜூரி பார்க்க வேண்டியவற்றைத் தலைமை நீதிபதி காக்பர்ன் அந்த வழக்கில் வரிசைப்படுத்தினார். இன்று விழுப்புரம் கோர்ட்டில் நாங்கள் போடும் மனுவின் இனவாரிப் பட்டியலுக்கு மூலம் அந்த வரிசைதான். ஆனால் 7,000 எதனால் 16,000 ஆயிற்று? டாக்டரின் வருமானத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதால். வலி கூடியதாக யாரும் சொல்லவில்லை. எங்கள் சீனியர் இதைச் சொல்லிவிட்டு, “அவர் டாக்டரா இல்லாம அந்த ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவரா இருந்திருந்தா எவ்வளவும்மா கிடைச்சிருக்கும்?” என்று கேட்பார்.

கரி அள்ளியவருக்கு இந்தியாவில் தனிச் சட்டம் 1923-இல் வந்தது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று. முதலாளி மீது தவறு இருக்கிறதோ இல்லையோ, வேலையில் அடிபட்டால் பணம் தர வேண்டும். தொழிலாளிக்குப் பெரிய வரம்தான். பிற்காலத்தில் திருத்திய அதன் முதல் அட்டவணையைப் பார்த்தால் கென்ட் பட்டியல் ஞாபகம் வரும். கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ, எதுவானாலும் 7. கென்ட்டில் நடுவிரலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் மதிப்பிருந்த சுண்டு விரல் இங்கே கடைசிக்கு வந்துவிட்டது. இந்தச் சட்டம் அளப்பது சம்பாதிக்கும் திறனை மட்டும். மிஷினைப் பிடிக்க, திருக, தள்ளச் சுண்டு விரல் அவ்வளவாக வேண்டாம் அல்லவா. அந்தச் சட்டத்தில் வலிக்கு ஒரு பைசா கிடையாது. வலி என்று ஓர் இனமே கிடையாது.

லாரி கிளீனர்கள் எங்களிடம் வரும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போது சாலையில் அடிபட்டவர் இரண்டில் ஒரு சட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு. தொழிலாளர் துணை ஆணையரிடம் போனால் யார் தவறு என்ற கேள்வி இல்லை. தன் டிரைவரே தூங்கிவிட்டிருந்தாலும், எதிரே வந்த வண்டி ஓடிப்போயிருந்தாலும் பணம் கிடைக்கும். ஆனால் வலிக்கு இல்லை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் வலிக்கு உண்டு. ஆனால் வண்டி ஓட்டியவர் மீது தவறு என்று நிரூபித்தாக வேண்டும். பெரும்பாலோர் உறுதியாகக் கிடைப்பதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வலியை விட்டுக்கொடுத்துப் பணம் வாங்குவது என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் முதலில் வந்தது 1939-இல். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல். அப்போதும் காயம் பட்டவர் சிவில் கோர்ட்டில் கோர்ட் ஃபீ கட்டித் தாவா போட வேண்டும், ஆண்டுக்கணக்கில் நடக்கும். 1956-இல் செய்த திருத்தம்தான் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி திறந்தது. சாதாரண மனுவாகப் போட்டால் போதும் என்று ஆனது. அரசு பஸ்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்திலேயே வழி உண்டு. அதனால் தீர்ப்பான தொகை வராமல் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா பஸ்ஸை ஜப்தி செய்து வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தும் காட்சி தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் சாதாரணம்.

இந்தத் தீர்ப்பாயங்களில் வலிக்கு எப்படித் தொகை வருகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன். மனு எழுதும்போது முதலில் மொத்தத் தொகையை முடிவு செய்வோம். ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் இருக்கிற வைத்தியச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, உதவியாளர் செலவு, வருமான இழப்பு, நிரந்தர ஊனம் எல்லாவற்றையும் நிரப்பிக் கூட்டுவோம். ஐந்து லட்சத்துக்கு எவ்வளவு குறைகிறதோ, அதை வலியில் போடுவோம். “வலிக்கு எவ்வளவு போடலாம் மேடம்?” என்று டைப்பிஸ்ட் கேட்பதே கடைசியில்தான்.

புரூஃப் அஃபிடவிட்டும் அப்படியே. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை, கனமான பொருளைத் தூக்க முடியவில்லை, பனிக்காலத்தில் வலி அதிகமாக உள்ளது. இந்த நாலு வரி கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். கை முறிந்தவருக்கும் மாடிப்படி ஏற முடியவில்லை என்று அச்சாகி வந்துவிடும். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

நாற்று நடும் வேலை செய்த ஓர் அம்மா. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது வேன் மோதி இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம் மல்லாந்தே கிடந்தார். கூண்டில் ஏற்றி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “குனிஞ்சா இடுப்புல பிடிச்ச வலி குதிகால் வரைக்கும் எறங்குது வக்கீலம்மா. வரப்புல நின்னு மத்தவங்க நடுறதப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ராத்திரி பொரண்டு படுக்கணும்னா மருமவளக் கூப்பிடணும். அவளும் பகலெல்லாம் பாடுபட்டுட்டுப் படுத்திருக்கிறா, எத்தன தடவ எழுப்புறது?” அவர் பேசி முடித்ததும் நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொன்னார்: “எனக்கு இடுப்பில் இப்போதும் வலி உள்ளது.” அவ்வளவுதான் ஏறியது. பிறகு குறுக்கு விசாரணை. நான் முழுமையாகக் குணமடைந்துவிட்டேன் என்றால் சரியல்ல. இப்போதும் நடவு வேலைக்குச் செல்கிறேன் என்றால் சரியல்ல. நஷ்டஈடு பெற வேண்டி மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்றால் சரியல்ல. வலி உண்டு என்பதற்கு ஒரு வரி, இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு மூன்று வரி. தீர்ப்பில் வலிக்கு 10,000 வந்தது. ஏன் 10,000 என்பதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

தமிழ்நாட்டில் நிரந்தர ஊனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் சொல்லும் ஊன சதவீதத்தை ஒரு தொகையால் பெருக்குவது. நான் வந்தபோது சதவீதத்துக்கு ஆயிரம். பிறகு இரண்டாயிரம், மூவாயிரம், இப்போது ஐயாயிரம் வரை போயிருக்கிறது. ஊனத்துக்கும் கொடுத்து, வருமான இழப்புக்கும் கொடுத்தால் ஒன்றையே இரண்டு முறை கொடுப்பதாகாதா என்ற குழப்பத்தை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு எடுத்துத் தீர்த்தது. ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கிலும் வலிக்கு இடமில்லை. நாற்பது சதவீத ஊனம் வலியில்லாமலும் இருக்கும். பத்து சதவீத ஊனம் ராத்திரியெல்லாம் தூங்கவிடாமலும் இருக்கும்.

உச்ச நீதிமன்றம் 1995-இல் தந்த ஒரு தீர்ப்பை எங்கள் தலைமுறை வக்கீல்கள் எல்லோரும் மேற்கோள் காட்டியிருப்போம். நீதிபதியாகவும் இருந்த ஒரு வழக்கறிஞர், வயது 52, கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். வலிக்கும் வாழ்க்கைச் சுகம் இழந்ததற்கும் ஒவ்வொன்றுக்கும் மூன்று லட்சம் கேட்டார். உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் தந்திருந்தது. நீதிபதி என்.பி. சிங் எழுதிய தீர்ப்பு அதை ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சமாக்கியது. இப்படிப்பட்ட கணக்கில் கொஞ்சம் ஊகமும் கொஞ்சம் இரக்கமும் கலந்துதான் தீரும், ஆனாலும் புறவயமான அளவு ஒன்று வேண்டும் என்றது. 2010-இல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் காயம் பட்டவருக்கான இனங்களை ஆறாகப் பிரித்து எழுதினார். சாதாரணக் காய வழக்குகளில்கூட விட்டுவிடக் கூடாத இனங்களில் ஒன்றாக வலியை வைத்தார். கேட்ட சதவீதத்துக்குச் சர்டிபிகேட் எழுதித் தரும் டாக்டர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். 2013-இல் காயம் பட்ட குழந்தைகளுக்கு வலிக்கும் மற்ற பணமில்லா இழப்புகளுக்கும் சேர்த்து ஊன அளவுப்படி ஒரு லட்சம் முதல் ஆறு லட்சம் வரை படிவரிசை வகுத்தார்கள். குழந்தைக்குச் சம்பளம் கிடையாது என்பதால் பிறந்த படிவரிசை அது. 2020-இல் பன்னிரண்டு வயதில் மூளையில் அடிபட்ட ஒரு சிறுமிக்கு வலி, வேதனை, வாழ்க்கைச் சுகம் இழந்தது எல்லாவற்றுக்கும் 15 லட்சம். 2024 நவம்பரில் வலிக்கும் வேதனைக்கும் மட்டுமே 15 லட்சம் என்று ஒரு தீர்ப்பு வந்தது.

இதற்கிடையே, 2018-இல் மத்திய அரசு இரண்டாம் அட்டவணையை மாற்றி எழுதியது. 5,000-மும் 1,000-மும் போயின. அவற்றோடு வலி என்ற இனமும் போயிற்று. நிரந்தர ஊனத்துக்கு ஐந்து லட்சத்தின் சதவீதம், சிறு காயத்துக்கு 25,000. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 164-ஆவது பிரிவு கொடுங்காயத்துக்கு மொத்தமாக இரண்டரை லட்சம் என்கிறது. தொகை பெரிதுதான், நல்லதுதான். ஆனால் தவறை நிரூபித்து நடத்தும் 166-ஆவது பிரிவு மனுவில்தான் இனி வலிக்குத் தனி இடம்.

அந்த இடம் ஏன் முக்கியம்? பெரிய தொகை வரக்கூடிய வருமான இழப்பு இனத்தை எடுத்தால் முதல் கேள்வி, மாத வருமானம் என்ன என்பது. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்கேற்ற எண்ணால் மறுபடி பெருக்குவார்கள். நாற்று நடுபவருக்கு வவுச்சர் கிடையாது, பே ஸ்லிப் கிடையாது. கோர்ட்டாக ஒரு தொகையை உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். தாலுகா ஆபீஸ் ஊழியருக்கும் அவருக்கும் ஒரே எலும்பு ஒரே மாதிரி உடைந்தாலும், அந்தப் பெருக்கல் முடியும்போது தொகை எங்கேயோ போய் நிற்கும். வலியோ சம்பளம் கேட்காத இனம். மனுவில் சாதியும் படிப்பும் பட்டாவும் செல்லாத இடம். 2022 ஏப்ரல் வரை வேறு யாருக்கும் போகாத இனமாகவும் அதுதான் இருந்தது: வழக்கு நடக்கும்போதே காயம் பட்டவர் வேறு காரணத்தால் இறந்துவிட்டால், வைத்தியச் செலவும் வருமான இழப்பும் வாரிசுக்கு வந்தன, அவர் பட்ட வலிக்கான பணம் அவரோடு போயிற்று. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவைக் காட்டி அப்படிச் செய்தார்கள். உடம்புக்காரருக்கே சொந்தமான அந்த ஓர் இனத்தைத்தான் நாம் பாக்கிக் கணக்கை நேர்செய்யப் பயன்படுத்துகிறோம்.

என்னிடம் இப்போது ஜூனியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். வலி இனத்தை முதலில் நிரப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கம்தான். கேஸ் ஷீட் முழுவதையும் மனு போட்டு வரவழையுங்கள். எத்தனை நாள் எடை கட்டியிருந்தார்கள், எத்தனை முறை டிரெஸ்ஸிங், ராத்திரி எத்தனை மணிக்கு வலி ஊசி போட்டார்கள், எத்தனை நாளில் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினார்கள் என்றெல்லாம் நர்ஸ் கையெழுத்தில் அதில் இருக்கும். அதைக் கோர்ட்டில் குறியீடு செய்து, அந்த நர்ஸையோ டாக்டரையோ சாட்சியாகக் கூப்பிட்டால், “மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்ற வரிக்கு வேலை குறையும். 10,000 போடுகிற நீதிபதியும் ஏன் 10,000 என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டியிருக்கும். எழுதத் தொடங்கினால் அந்தத் தொகை 10,000-இல் நிற்காது.